மெஸ் சமையல்கட்டில் கரப்பான் ஜெல்: வாங்கலாமா?

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கரப்பானுக்கு, தின்ன வைத்துக் கொல்லும் ஜெல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: சின்னக் கரப்பான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பெரிய கரப்பான் என்றால் அந்தக் காசைச் சாக்கடை ஜாலிக்குச் செலவு பண்ணுங்கள். எது நம் வீட்டில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டு, மருந்து போலி என்று ஜெல் மேல் பழி போடுகிறவர்கள்தான் அதிகம்.

பெரியது எல்லோருக்கும் தெரியும். செம்பழுப்பு, நாலு சென்டிமீட்டர் வரை இருக்கும், ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பினால் குளியலறை வழியாக மேலே ஏறி வரும், சமயத்தில் முகத்தை நோக்கிப் பறந்தும் தொலைக்கும். அமெரிக்கக் கரப்பான் என்கிறார்கள். பூர்விகம் ஆப்பிரிக்கா. சின்னது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் கழுத்துப் பட்டையில் கறுப்பாக இரண்டு கோடு. இது ஜெர்மன் கரப்பான். எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைப் பெரியதின் குஞ்சு என்று நினைத்துக்கொண்டு, "வளர்ந்தா வெளியே போயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். குஞ்சுக்கு இறக்கை கிடையாது. அரை விரல் நீளம்கூட இல்லாதது முதுகு மூடிய இறக்கையோடு ஓடினால் அது குஞ்சு இல்லை, குடும்பஸ்தன். இறக்கை இருந்தும் இதற்குப் பறக்க வராது என்பது ஒரு நிம்மதி.

பறக்க வராத பூச்சி ஊர் ஊராக எப்படிப் போகிறது? நாம்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். பிஸ்கட் வரும் அட்டைப்பெட்டியின் மடிப்பில், முட்டை அட்டையில், செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜின் மோட்டார் பக்கத்தில், வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வரும் அண்டாக் கைப்பிடியின் மடிப்பில். கல்யாண சீசனில் ஒரே செட் கிரைண்டரும் காஸ் அடுப்பும் மயிலாடுதுறை மண்டபத்திலிருந்து இறங்கி மறுநாள் மன்னார்குடி மண்டபத்தில் ஏறும். கூடவே இவையும் ஏறும். காட்டிலோ வயலிலோ தனியாகப் பிழைக்கிற ஜெர்மன் கரப்பான் என்று ஒன்று கிடையாது. மனிதன் கட்டிய கூரைக்கு வெளியே அதற்கு வாழ்க்கை இல்லை.

இதெல்லாம் எனக்கு அண்ணன் மகள் சொன்னது. அக்ரி படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என் சமையல்கட்டில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே பூச்சிப் பாடம் நடத்துவாள். அவள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பூர்விகக் கதை. 1767ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி ஐரோப்பாவில் கிடைத்ததை வைத்துப் பெயர் சூட்டினார். ஆனால் 2024ல் 17 நாடுகளிலிருந்து பிடித்த 281 கரப்பான்களின் டிஎன்ஏவைப் பார்த்தபோது, இது சுமார் 2,100 வருஷம் முன்னால் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று தெரிந்ததாம். கல்லணைக்குச் சொல்கிறோமே ஒரு வயது, கிட்டத்தட்ட அதே வயது. அப்புறம் 1,200 வருஷம் முன்னால் மேற்கே அரபு தேசங்களுக்கு. சுமார் 390 வருஷம் முன்னால், ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கடலில் ஓடிய காலத்தில், கிழக்கே. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே காலம். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது 270 வருஷம் முன்னால்தான். ஆக, வெளிநாட்டுச் சனியன் என்று நான் இத்தனை நாள் திட்டியது நம் பக்கத்துச் சரக்கைத்தான். உலகம் முழுக்க ஏற்றுமதி ஆகி ஊரூராகப் பெருகியிருக்கிறது.

சரி, சாமானுக்கு வருகிறேன்.

ஜெல்லுக்கு முன்னால் ஒரு பூச்சி ஒழிப்புக் கம்பெனிக்கு வருஷக் கான்ட்ராக்ட் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்டு பையன் வருவான், சுவரோரமாக மருந்து அடிப்பான், அன்றைக்குச் சமையலை நிறுத்திப் பாத்திரம் பூராவும் மறுபடி கழுவ வேண்டும். ராத்திரி நாலைந்து மல்லாந்து கிடக்கும். அடுத்த வாரம் ஸ்டோர் ரூமில், இதுவரை இல்லாத இடத்தில் புதிதாகத் தெரியும். மருந்து வாடைக்கு விலகி அந்தப் பக்கம் குடிபோயிருந்தது, அவ்வளவுதான். ஸ்பிரே டப்பாக்களிலும் இந்த மாதிரித் தெளிப்பு மருந்துகளிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. அதற்கு இந்தக் கரப்பான் பல நாடுகளில் எப்போதோ பழகிவிட்டது. அறை முழுக்கப் புகை விடும் ஃபாகரும் அப்படித்தான். 2019ல் அமெரிக்காவில் நார்த் கரோலினாவில் ஆராய்ச்சியாளர்கள் குடித்தன வீடுகளிலேயே வைத்துச் சோதித்தார்கள். ஃபாகர் போட்ட வீடுகளில் கரப்பான் குறையவில்லை, மருந்துதான் தரையிலும் மேடையிலும் படிந்து நின்றது. ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது.

நான் வாங்கியது ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி 0.05 சதவீதம் உள்ள ஜெல். டியூபின் பின்னால் போட்டிருக்கும், பிராண்டை விட அதைப் பாருங்கள். இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீதம், இன்டோக்ஸாகார்ப் 0.6 சதவீதம் என்றும் வகைகள் உண்டு. ஊசி மாதிரி ஒரு குழாய், பின்னால் அழுத்தினால் முன்னால் பழுப்பாகப் பசை வரும். பெரிதாக வாடை இல்லை. விலை கேட்டால் ஸ்பிரே டப்பா பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் ஒரு டியூப் என் சமையல்கட்டு, ஸ்டோர் ரூம் இரண்டுக்கும் போதும்.

வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஓட்டு வீட்டுச் சமையல்கட்டில் மர அலமாரி, மேடைக்கடியில் கடப்பைக் கல் தட்டு, மூலையில் கிரைண்டர். பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அலமாரிக் கதவின் கீல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும். அதுதான் எச்சம். அந்த எச்சத்தின் வாடைக்கே மற்றவை வந்து ஒன்றாகக் கூடும். புள்ளி எங்கே அடர்த்தியோ அங்கே ஜெல் வைக்க வேண்டும். வளர்ந்த கரப்பானுக்கே அரை சென்டிமீட்டர் இடுக்கு போதும், வயிறும் முதுகும் இரண்டு பக்கமும் உரசுகிற இடம்தான் அதற்குப் பிடித்த இடம். கிரைண்டரைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்றினோம். மோட்டார் சூட்டில், காய்ந்த மாவுத் துணுக்குகளுக்கு நடுவே, ஒட்டிக்கொண்டு கூட்டமாக நின்றது. வெளிச்சம் பட்டதும் நாலா பக்கமும் சிதறியது. கூடமாட வேலை செய்கிற அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு முற்றத்துக்கே ஓடிவிட்டார்.

பெரிய உருண்டையாகப் பிதுக்கி வைக்கக் கூடாது. உளுந்து அளவுக்குப் பல பொட்டுகள். கீலுக்குள், ஃபிரிட்ஜ் பின்பக்கம், சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையின் விளிம்பில், ஸ்விட்ச் போர்டு ஓரத்தில். சோற்றுப் பாத்திரம் படுகிற மேடையில் வேண்டாம். பிள்ளைகள் கை எட்டும் இடத்திலும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சி ஒரே நாளில் செதிலாக உதிர்ந்துவிடும். ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி அதன் மேல் பொட்டு வைத்தால் நிற்கும், எடுப்பதும் சுலபம்.

முதல் ராத்திரி அண்ணன் மகளோடு செல்போன் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தோம். சிவப்பு வெளிச்சம் அதற்குச் சரியாகத் தெரியாதாம். கீலிலிருந்து முதலில் மீசை இரண்டும் வெளியே வந்து காற்றில் துழாவியது. அப்புறம் தலை. பொட்டைச் சுற்றி ஒரு அரை வட்டம் போட்டது, வாயோரத்துச் சின்ன உறுப்புகளால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, அப்படியே குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் பேசினதைக்கூடச் சட்டை பண்ணவில்லை. வயிறு நிறைந்ததும் வந்த வழியே உள்ளே போனது. "உள்ளே போய்த்தான் சாகணும் அத்தை, அதுதான் நமக்கு வேணும்" என்றாள்.

ஏன் என்றால், தின்ற கரப்பான் உடனே சாவதில்லை. ஃபிப்ரோனில் நரம்பை அடக்கி வைக்கும் சமிக்ஞையைத் தடுத்துவிடும், நரம்பு கட்டுக்கடங்காமல் துடித்துத்தான் உயிர் போகும். அதற்குள் அது இருப்பிடத்துக்குப் போய் எச்சம் போட்டிருக்கும். புதிதாகப் பொரித்த குஞ்சுகள் இரை தேடி வெளியே அலையாது, பெரியவற்றின் எச்சத்தைத்தான் தின்னும். செத்த பிணத்தையும் மிச்சம் வைக்காது. ஒன்று தின்ற மருந்து இப்படிப் பல வயிற்றுக்குப் போகிறது. கேட்கவே குமட்டுகிறது, ஆனால் நாம் காசு கொடுப்பது இந்தக் கேவலத்துக்குத்தான்.

முதல் வாரமே பெருக்கினால் முறத்தில் விழுந்தது. அதற்கப்புறம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒரு தடவை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. பெட்டை முட்டைக்கூட்டை வாலோடு பிடித்துக்கொண்டே திரியும், பொரிக்கிற நேரம் வரைக்கும் கீழே விடாது. ஒரு கூட்டில் முப்பது நாற்பது முட்டை. மருந்து முட்டைக்குள் போகாது. மூன்று நாலு வாரத்தில் பொரித்து வருவதற்கு அங்கே புதுப் பொட்டு காத்திருக்க வேண்டும். நம்மூர்ச் சூட்டில் குஞ்சு வளர்ந்து தாயாக இரண்டு மாசம் போதும். அதனால் மாசம் தவறாமல் பார்த்து, காய்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்கிறேன்.

இன்னொரு விஷயம், ஜெல் இருக்கும் இடத்தில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. அடித்தால் பொட்டை நெருங்காது, ரெண்டு காசும் தண்டம். பினாயில் போட்டுத் துடைப்பதும் பொட்டுக்கு மேல் வேண்டாம். அதே மாதிரி, ராத்திரி சிங்கில் எச்சில் தட்டு கிடந்தால் அது ஜெல்லை ஏன் தின்னப்போகிறது? மெஸ் மூடும்போது மாவு சிந்தினதைத் துடைத்து, வெல்ல டப்பாவை இறுக்கி மூடி, சிங்கை உலரத் துடைத்துவிடுகிறோம். சாப்பாடு இல்லாமல் ஒரு மாசத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடக்கும், ஆனால் தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம்தான். அந்த ஈரத் துணியைச் சிங்க் ஓரத்தில் மடித்து வைக்கிற பழக்கத்தை நிறுத்தவைக்கத்தான் எனக்குத் தொண்டை வறண்டது.

குறைகளும் சொல்கிறேன். லேபிளில் தமிழ் இருக்கிறது, பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் அடுப்புப் பக்கம் வைத்த பொட்டு சீக்கிரம் தோல் கட்டிக் காய்கிறது. எறும்பு மொய்த்துத் தின்றுவிட்டுப் போவதும் உண்டு. பெரிய குறை, ஒரே ஜெல்லை வருஷக்கணக்காக வைக்க முடியாது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் இனிப்பு மருந்து வைத்த இடங்களில் சில கரப்பான் கூட்டம் அதைத் தொடவே மறுத்தது. 1993ல் அது குளுக்கோஸையே ஒதுக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கூட்டத்தின் நாக்குக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்று 2013ல் காரணமும் தெரிந்தது. இனிப்பைத் தின்றதெல்லாம் செத்தது, கசந்ததெல்லாம் பிழைத்துக் குட்டி போட்டது. எங்கள் கிரைண்டர் பக்கத்துக் கூட்டமும் ஒரு கட்டத்தில் பொட்டைச் சுற்றிவிட்டுப் போக ஆரம்பித்தது. இன்டோக்ஸாகார்ப் ஜெல்லுக்கு மாற்றினேன், மறுபடி தின்றது. அந்த மருந்து கரப்பான் உடம்புக்குள் போய் அதன் சொந்தச் செரிமான வேலையாலேயே விஷமாக மாறுகிறதாம். இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதுதான் இப்போதைய ஏற்பாடு.

மற்ற வைத்தியங்களைப் பற்றியும் கேட்பீர்கள். பிரிஞ்சி இலை, பாச்சை உருண்டை, பிளக்கில் சொருகும் சத்தப் பெட்டி, மூன்றும் வீண். போரிக் பவுடரைக் கோதுமை மாவு, சர்க்கரையோடு பிசைந்து வைக்கிற பழைய வழி நிஜமாகவே வேலை செய்யும். விலையும் மலிவு. கொஞ்சம் நாள் பிடிக்கும், நனையக் கூடாது, பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துவிடாமல் பார்க்க வேண்டும். கையில் பணம் இறுக்கம் என்றால் அதிலேயே தொடங்கலாம். பெரிய கரப்பானுக்கு எல்லாச் சாக்கடை வாய்க்கும் நெருக்கமான ஜாலி, குழாய் சுவரில் நுழையும் இடத்தில் சிமென்ட். மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் உரக்கடையில் கேட்டுப் பாருங்கள், பூச்சி மருந்து விற்கிற லைசென்ஸ் கடை என்பதால் கெடு தேதி பார்த்துத் தருகிறார்கள். கடைத் தம்பி, "அக்கா, பெரிய டியூபா எடுத்துக்குங்க, லாபம்" என்பார். வீட்டுக்குச் சின்னதே போதும். திறந்த டியூப் மூடி சரியாக இல்லையென்றால் நுனி இறுகி, அடுத்த மாசம் எவ்வளவு அழுத்தினாலும் வராது.