பொறியியல் ஆன்லைன் கலந்தாய்வு: கணக்கில் குறையில்லை, விளக்கத்தில்தான்

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை ஒரு சேவையாக எடைபோடுவதென்றால் முதலில் விலை. பதிவுக் கட்டணம் 500 ரூபாய்; எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி மாணவர்களுக்கு 250. அந்தக் காசுக்கு 400க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம், மாவட்டந்தோறும் உதவி மையம், சிபாரிசுக்கு வேலையில்லாத ஒதுக்கீடு. இதில் சாய்ஸ் லிஸ்ட் (விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளின் வரிசை) போடுகிற பகுதியை மட்டும் செய்து கொடுக்கத் தனியார் ஆலோசகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அவர்கள் பார்த்துப் போடும் பழைய கட்-ஆஃப் விவரமும் (எந்த இடம் எந்த மதிப்பெண்ணில் மூடியது என்பது) கலந்தாய்வுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைப்பதுதான்.

அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. மதிப்பெண் குறைந்தது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் இந்தச் சேவையின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1997 முதல் 2017 வரை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போக வேண்டும். திரையில் காலியிடம் ஓடும். கேட்டது போய்விட்டது என்பது கண்ணெதிரே தெரியும். மிச்சமிருப்பதில் ஒன்றை மாணவரே தொட்டு எடுப்பார். 2018ல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பயணச் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். ஆனால் இப்போது என்ன மிஞ்சும் என்று தெரியாமலே பட்டியல் போட வேண்டும். மறுநாள் முடிவு வரும். ஏன் கிடைக்கவில்லை என்பதை ஒதுக்கீட்டுக் கடிதம் சொல்லாது. கல்லூரி, பாடப்பிரிவு, எந்தப் பிரிவில் இடம் என்பதோடு சரி. மீதியை நாமே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவரின் கட்-ஆஃப்பில், அதாவது ரேங்க் போட எடுத்துக்கொள்ளும் மொத்த மதிப்பெண்ணில் தொடங்கலாம். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதம் 94, இயற்பியல் 91, வேதியியல் 88 எடுத்தவருக்கு 94 + 45.5 + 44 = 183.5. இன்னொருவர் 96, 87, 88 என்றால் 96 + 43.5 + 44, அவருக்கும் 183.5தான். ஆனால் இரண்டாமவர் முன்னே போவார், கணிதத்தில் கூடுதல் என்பதால். மாநில வாரிய மாணவர்களுக்கு இந்தக் கட்-ஆஃப் அரை மதிப்பெண் படியாகத்தான் ஏறும். நூறிலிருந்து இருநூறு வரை மொத்தமே 200 படி. விண்ணப்பிப்பவர்களோ சமீப ஆண்டுகளில் இரண்டு லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும். பெரும்பாலான படிகளில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். "அரை மார்க்தானே போச்சு" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை. பட்டியலின் நடுவில் அந்த அரை மார்க்குக்கு ரேங்க் தடாலென்று இறங்கும்.

கட்-ஆஃப் சமமானால் கணிதம், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி (மூத்தவருக்கு முன்னுரிமை) என்று பார்த்துக்கொண்டே போவார்கள். இவ்வளவையும் தாண்டியும் சமமாக நிற்பவர்களுக்குத்தான் பத்து இலக்க ரேண்டம் எண். பெரிய எண் வைத்திருப்பவர் முன்னே. அமைச்சர் பட்டனை அழுத்தி, தொலைக்காட்சியில் காட்டி வெளியிடுவதால் இதற்கு ஒரு லாட்டரிக் களை வந்துவிட்டது. "ரேண்டம் நம்பர் சரியில்லை, அதான் போச்சு" என்று புலம்புபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எண் பயன்படுத்தப்பட்டே இருக்காது. உண்மையில் சண்டை போட வேண்டிய இடம் நான்காவது பாடம். ஒருவர் உயிரியல், இன்னொருவர் கணினி அறிவியல்; இரண்டு வெவ்வேறு வினாத்தாளின் மதிப்பெண்ணை எதிரெதிரே வைத்து யார் முன்னே என்று முடிவு செய்வது சரியா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

வாரியச் சண்டை அடுத்தது. மாநில வாரியத்துக்கு மார்க் அள்ளிப் போடுகிறார்கள் என்று சிபிஎஸ்இ பெற்றோர்கள் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு இதற்கு ஒரு சமன்பாட்டை வைத்தது: ஒவ்வொரு பாடத்திலும் பிற வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்சத்துக்கு ஈடாக்குவது. மாநில வாரியத்தில் உச்சம் 100, மற்றதில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வாரியத்திலும் யாராவது ஒருவர் நூறு எடுத்துவிட்டால் சமன்பாடு எதையும் நகர்த்தாது. நூறு எடுத்தவர் ஒருவரா, ஆயிரம் பேரா என்பதும் அதில் வராது. குறை இருப்பது உண்மை. சதி என்று சொல்வதற்கு எதுவும் இல்லை.

இட ஒதுக்கீடு பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் ஒரே ஒரு பாடப்பிரிவை எடுத்து எண்ணிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். 60 இடமுள்ள ஒரு சுயநிதிக் கல்லூரிப் பாடப்பிரிவு. சிறுபான்மை அல்லாத கல்லூரி 65 விழுக்காட்டைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும், ஆக 39 இடம். மீதி 21 நிர்வாகத்துடையது. 39ல் 31 விழுக்காடு பொதுப்பிரிவு, அதாவது 12. பிசி 26.5 விழுக்காடு, சுமார் 10. எம்பிசி 20 விழுக்காடு, சுமார் 8. எஸ்சி 15 விழுக்காடு, சுமார் 6. பிசி முஸ்லிம் 3.5, எஸ்சிஏ 3 விழுக்காட்டுக்கு ஒவ்வொன்று. எஸ்டியின் 1 விழுக்காட்டுக்கு ஒரு முழு இடமே தேறாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு தனிக் கூடை கிடையாது. மேலே சொன்ன ஒவ்வொரு பிரிவுக்குள்ளிருந்தும் எடுப்பது, இங்கே மொத்தம் மூன்று இடம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ல் வந்த அந்த மூன்று இடத்தைக் காட்டி "எங்க பையன் சீட்டு போச்சு" என்பவர்கள் பக்கத்திலிருக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு 21ஐப் பற்றி மூச்சு விடுவதில்லை. பொதுப்பிரிவு 12ம் யாருக்கும் தனிச் சொத்தல்ல. ரேங்க் இருக்கும் பிசி மாணவருக்கு முதலில் அதில்தான் இடம் பார்ப்பார்கள். அங்கே இல்லையென்றால்தான் பிசி இடம்.

இந்த எண்ணிக்கையிலிருந்து இன்னொன்றும் தெரியும். பிசி கட்-ஆஃப் என்று போன ஆண்டுப் பட்டியலில் பார்ப்பது பத்துப் பேரில் கடைசி ஒருவரின் மதிப்பெண். அந்த ஒருவர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் எண்ணே மாறியிருக்கும். அதனால் போன ஆண்டு 181ல் மூடியது, எனக்கு 182, இடம் உறுதி என்று நம்புவது வீண். மூன்று ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் மதிப்பெண்ணைவிட ரேங்க்கை ஒப்பிடுவது நல்லது. வினாத்தாள் எளிதானால் கட்-ஆஃப் எல்லோருக்கும் உப்பும், ரேங்க் உப்பாது.

சாய்ஸ் பட்டியல்தான் இந்தச் சேவையின் இதயம். சரியாகப் பயன்படுத்தினால் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். கணினி மேலிருந்து கீழே வரும். முதல் சாய்ஸில் பொதுப்பிரிவில் இடமிருக்கிறதா, இல்லையென்றால் உங்கள் பிரிவில் இருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் இரண்டாவது சாய்ஸ். மேலே எட்டாத கல்லூரியைப் போட்டதால் கீழே இருக்கும் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனாலும் "முதல்ல கிடைக்கறதைப் போடு" என்று பயமுறுத்தப்பட்டு, விரும்பியதைப் பதினைந்தாவது இடத்தில் வைப்பவர்கள் ஏராளம். முதல் சாய்ஸே கிடைத்துவிட்டால் அப்வேர்டுக்கு (பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியானால் அங்கே மாறுவதற்கு) வழியே இல்லை. அந்தப் பதினைந்தாவதில் இடம் காலியாகக் கிடந்தாலும் உங்களுக்கு வராது.

அடுத்த தவறு கோடு (code), அதாவது கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும் உள்ள குறியீடு. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதிலேயே சைபர் செக்யூரிட்டி, ஏஐ அண்ட் எம்எல், தனியாக ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், பிசினஸ் சிஸ்டம்ஸ் என ஆறேழு வரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு. ஒன்றை மட்டும் போட்டு மற்றதை விட்டுவிட்டால், உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அதை எடுத்துக்கொண்டு போவார். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அதே பாடப்பிரிவு சுயநிதி வரியாகவும் வரும், பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று, கட்டணம் வேறு. சிவில், மெக்கானிக்கலில் தமிழ் வழி தனி வரி. கல்லூரிப் பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஆகவே கோடை வைத்துத்தான் தேட வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரி 1, குரோம்பேட்டை எம்ஐடி 4, கோவை பிஎஸ்ஜி டெக் 2006, மதுரை தியாகராசர் 5008 என்று பழகிய மாணவர்கள் பெயரைச் சொல்வதே இல்லை. முதலில் தாளில் எழுதி, வீட்டில் இருவர் சரிபார்த்து, பிறகு தளத்தில் ஏற்றி லாக் செய்வதுதான் பிழையில்லாத முறை. மூன்று நாள் அவகாசம் அதற்குத்தான். மூன்றாம் நாள் கடைசி நேரத்தில் உட்காருவதற்கு இல்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள். பதில் சொல்லாமல் விட்டால் இடம் கைவிட்டுப் போகும். 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் வேண்டும்', 'இது வேண்டாம், மேலே இருந்தால் மட்டும்', 'அடுத்த ரவுண்டுக்குப் போகிறேன்', 'விலகுகிறேன்' என்று விருப்பங்கள். பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது இரண்டாவது. அதற்கும் நிபந்தனை உண்டு. மேலே இடம் வந்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அப்வேர்ட் பார்ப்பது நீங்கள் ஏற்கெனவே லாக் செய்த பட்டியலின் மேல்பகுதியை மட்டும்; புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. மூன்றாவதைத் தொட்டால் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

நியாயக் கேள்விகளில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது, ரேங்க் வரிசையில் மாணவர்களைப் பிரித்து அடுத்தடுத்து இடம் கொடுக்கும் ரவுண்டு முறைதான். முதல் ரவுண்டில் சேர்ந்தவர் என்ஐடியோ மருத்துவமோ கிடைத்து விலகினால், அந்த இடம் சில சமயம் அடுத்த ரவுண்டுக்கோ, மிஞ்சிய இடங்களுக்குக் கடைசியில் நடக்கும் துணைக் கலந்தாய்வுக்கோ போகிறது. அதை விரும்பிக் கிடைக்காமல் முதல் ரவுண்டில் வேறொன்றில் சேர்ந்தவர், ரேங்க்கில் முன்னே இருந்தும், திரும்ப வந்து எடுக்க முடியாது. பின்னே நின்றவருக்கு நல்ல இடம். இதைக் குறைக்கத்தான் 2022ல் ஒதுக்கீடு முடிந்த சில நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும், கட்டாதவர் இடத்தை அதே ரவுண்டில் அப்வேர்டுக்குத் தருவது என்ற விதி வந்தது. நன்றாகவே வேலை செய்கிறது, முழுதாக இல்லை. நீட், ஜோசா (ஐஐடி, என்ஐடி சேர்க்கை) கால அட்டவணைகள் இங்கிருப்பவர்கள் கையில் இல்லாதவரை முழுதாகச் சரியாகவும் வழியில்லை.

தளத்தில் ஒரே ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: நீங்கள் போட்ட ஒவ்வொரு சாய்ஸுக்கும் எதிரே அந்த இடம் எந்த ரேங்க்கில் மூடியது, உங்கள் ரேங்க் என்ன. பாதிச் சண்டையும் பாதி அழுகையும் அங்கேயே நின்றுவிடும். அதுவரை ரவுண்டு முடிந்தபின் வெளியாகும் காலியிடப் பட்டியலையும் கட்-ஆஃப் விவரத்தையும் வைத்து நாமே அந்தப் பக்கத்தைத் தயாரிக்கலாம். ஒரு தாள், மூன்று பத்தி, அரை மணி நேரம். முன்னூறு ரேங்க்கில் தவறியதா, முப்பதாயிரத்திலா என்று தெரிந்தாலே பையனுக்கோ பெண்ணுக்கோ "என்னைத் திட்டம் போட்டுக் கவுத்துட்டாங்க" என்ற எண்ணம் இறங்கும். பெற்றோர் பக்கத்து வீட்டு ரேங்க்கை இழுக்காமல் கூட உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுவது, ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட மேல். சாப்பிடாமல், பேசாமல் இரண்டு நாளுக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டால் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு 104 அல்லது டெலி மானஸ் (மனநல உதவி எண்) 14416க்கு அழைக்க வேண்டும். இரண்டும் இலவசம், தமிழில் பேசுவார்கள்.

முடிவு வந்த மறுநாளே இடைத்தரகர்களின் அழைப்பு தொடங்கும்: நிர்வாக ஒதுக்கீட்டில் கடைசி இரண்டு சீட், இன்றைக்கே முன்பணம். துணைக் கலந்தாய்வு முடியும்வரை அசையத் தேவையில்லை. அவசரப்பட்டு எங்காவது கட்டியாகிவிட்டது, பிறகு வேறிடம் கிடைத்தது என்றால், ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) குறித்த கடைசித் தேதிக்குள் எழுத்தில் விலகல் கொடுக்க வேண்டும். கல்லூரி பிடித்துக்கொள்ளலாம் என்பது 1,000 ரூபாய். அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்க அதற்கு உரிமை இல்லை. கடிதத்தின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வரவும்.