போஸ்ட்கிரெஸின் ‘இன்டர்னல்ஸ்’ பக்கங்களோடு ஆறு வருசம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதன் மேனுவலில் பின்னால் வரும் ‘இன்டர்னல்ஸ்’ (உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற) பகுதி நமக்கில்லை, அதை உருவாக்குகிறவர்களுக்கு என்று ரொம்ப நாள் தாண்டியே போனேன்.

நிறுத்தியது ஒரு டேபிள். பண்டல் தையலில் ஓவர்லாக், பவர் டேபிள், பிறகு செக்கிங், அயர்னிங் என்று நகர நகர, அதே ரோவில் ஸ்டேட்டஸ் மட்டும் மாறும். பழைய பண்டலை மாதாமாதம் வேறு டேபிளுக்குத் தள்ளிவிடுவோம். அதனால் ரோ எண்ணிக்கை கூடாது. டிஸ்க்கில் மட்டும் டேபிள் ஊதிக்கொண்டே போனது. சாயங்காலமானால் சூப்பர்வைசர் போன்: “ஏனுங்க, இன்னைக்கும் ஸ்க்ரீன் சுத்திட்டே இருக்குதுங்க.”

டேபிளை டிஸ்க்கில் ‘பக்கம்’ என்ற துண்டுகளாகத்தான் போஸ்ட்கிரெஸ் வைக்கிறது. மேனுவலில் அந்தப் பக்க அமைப்பு பற்றிய பகுதி கச்சிதம். 8 கேபி பக்கம், அதன் தலைப்பு 24 பைட், ஒவ்வொரு ரோவுக்கும் 4 பைட் சுட்டி, ரோவின் தலைப்பே 23 பைட். எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அது சோர்ஸ் கோடுக்குள், ஹீப் ஃபோல்டரில், ‘ரீட்மீ டாட் ஹாட்’ என்ற வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் கிடக்கிறது. அப்டேட் செய்தால் பழைய ரோ அங்கேயே கிடக்கும், புதிதாக ஒன்று எழுதப்படும். இண்டெக்ஸ் (வேகமாகத் தேட வைக்கும் பட்டியல்) போட்ட மதிப்பு எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸில் புது வரி வேண்டாம்; பழசை, செத்த ரோக்களைக் கூட்டித் தள்ளும் வேக்யூமுக்குக் காத்திராமலே கழிக்கலாம். ‘ஹாட்’ (ஹீப் ஒன்லி டியூப்பிள் என்பதன் சுருக்கம்) என்று பெயர், 2008-இல் 8.3 பதிப்போடு வந்த வசதி. இந்த வழியில் போனதால் வேக்யூமில் வேறெந்த வழி நிரந்தரமாக அடைபட்டது என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்காகவே கும்பிடலாம்.

ஸ்டேட்டஸ் மேல் இண்டெக்ஸ் போட்டது நானேதான்; ஸ்டேட்டஸ் மாறும்போதெல்லாம் ஹாட் வேலை செய்யாமல் போனது அதனால்தான். அதை எடுத்தேன், பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்கிற ஃபில்ஃபேக்டரை 100-லிருந்து 80 ஆக்கினேன். பழைய பக்கங்களுக்கு அது தானாகப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவில், டேபிளை முழுசாகத் திரும்ப எழுதும் வேக்யூம் ஃபுல் ஓட்டினேன். டேபிளையே பூட்டிவிடும், வேலை நாளில் தொடக் கூடாது. அப்புறம் அந்த போன் வரவில்லை.

குறை? ரீட்மீ மேனுவலில் இல்லை; ஹாட் பற்றி அங்கே இப்போது சுருக்கமாக ஒரு பகுதிதான் இருக்கிறது. முழுசும் சோர்ஸைத் தேடிப் போகிறவன் கண்ணில்தான் படும். படம் என்றால் எழுத்துகளாலேயே போட்ட கட்டங்கள்தான். புதிதாகச் சேர்ந்த ஈரோட்டுப் பொண்ணு இரண்டு பாரா படித்துவிட்டு, “ஹாட்னா சூடுங்களாண்ணா?” என்றது. பக்கத்துக்குள் எட்டிப் பார்க்க உதவும் பேஜ்இன்ஸ்பெக்ட் போட்டு, ஒரே ரோவை இரண்டு தடவை அப்டேட் செய்து காட்டினேன். முதல் ரோ (0,2)-ஐ, அதாவது 0-ஆம் பக்கத்தின் 2-ஆம் இடத்தைக் காட்டியது, அது (0,3)-ஐ, கடைசி தன்னையே.

“பழைய பண்டல் டேக்குல புது டேக் நம்பர எழுதி வெச்ச மாதிரிங்களா?”

அதேதான். இப்போது எங்கள் கோடு ஃபோல்டரிலும் தமிழில் ஒரு ரீட்மீ இருக்கிறது. முதல் வரி அந்தப் பொண்ணு எழுதியது: “ஸ்டேட்டஸ் மேல இண்டெக்ஸ் போட்றாதீங்க. ஏன்னு கீழ இருக்குது.”