வீட்டுத் தோட்டம் போட்டுத் தர்றேன்னு வர்றவங்க: மண்ணைக் கிளறிப் பாக்காம மிச்சக் காசைக் குடுக்காதீங்க

பினாங்குல பி.எம். (புக்கிட் மெர்தாஜாம்), பட்டர்வொர்த், ஜூரு, சிம்பாங் அம்பாட் பக்கம் யாராச்சும் வீட்ல காய்கறித் தோட்டம் போட ஆள் தேடிக்கிட்டு இருந்தா, இதப் படிச்சிட்டு அப்புறம் டெபோசிட் போடுங்க. ஆளோட பேரு போட மாட்டேன், கேஸ் போயிக்கிட்டு இருக்கு. ஆனா நடந்ததச் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இதே மாதிரி பேக்கேஜ் ஃபேஸ்புக்ல இப்ப நெறைய வருது.

எங்க வீடு கார்னர் லாட். சைடுல கொஞ்சம் எடம் சும்மா கெடந்துச்சு, அம்மாவுக்கு அங்க வெண்டி, கத்திரி, பயத்தங்கா எல்லாம் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. அம்மா கூலிம் பக்கம் எஸ்டேட்ல வளந்தவங்க, லயத்துக்குப் பின்னாடி போட்ட காய வச்சே பாதி சமையல் ஓடுன காலம் அது. இப்ப முட்டி வலி, மம்பட்டி புடிக்க முடியல. அதனாலதான் "ஆர்கானிக் தோட்டம், ஏ டு இசட் நாங்களே செஞ்சி தர்றோம்"னு போட்டிருந்த ஒருத்தரக் கூப்பிட்டோம். நம்ம ஆளுதான், நல்லாப் பேசுனாரு, அம்மாவ அம்மா அம்மான்னு வாய் நெறையக் கூப்பிட்டாரு. 1,800 வெள்ளி. பலகை அடிச்ச பாத்தி, மண்ணு, உரம், பழக்கன்னு, அப்புறம் ஒரு மாசம் அவங்களே வந்து பாத்துக்கறது. பாதி முன்னாடி, மீதி வேலை முடிஞ்சதும்.

லோரி வந்தப்ப நான் வேலையில இருந்தேன். சாயந்தரம் வந்து பாத்தா பாத்தி எல்லாம் கருகருன்னு அழகா இருக்கு, ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல கூடப் போட்டேன். அம்மா மட்டும் ஒண்ணும் பேசல. ஒரு கம்பியக் கொண்டாந்து பாத்தியில குத்தி நெம்புனாங்க. மேல ஒரு நாலு விரக்கடைதான் கறுப்பு, கீழ எல்லாம் மஞ்சளும் செவப்புமா கட்டி மண்ணு, கல்லு, நடுவுல சிமெண்டுத் துண்டு வேற. "இது தோட்டத்து மண்ணு இல்லடி, எங்கயோ வீடு கட்டத் தோண்டிப் போட்ட மண்ணு"ன்னாங்க.

அவருக்கு மெசேஜ் போட்டா, "அக்கா, தானா மேரா (செம்மண்ணு) கீழ இருந்தாத்தான் தண்ணி நிக்கும், அதான் டெக்னிக்"ங்கிறாரு. நிக்கத்தான் செஞ்சிச்சு. நம்ம ஊரு சாயந்தர மழ ஒண்ணு அடிச்சதும் பாத்தி குளமா நின்னுச்சு, மறுநாள் வெயில்ல மேல ஓடு கட்டி வெடிச்சிருச்சு. ஆழத்துல இருந்து தோண்டுற மண்ணுல மக்குன சத்தே கெடையாது, களி ஜாஸ்தி, காத்துப் போகாது, வேர் அழுகிப் போயிரும், போதாக்குறைக்கு நம்ம நாட்டுச் செவப்பு மண்ணு புளிப்பு வேற. இங்க நர்சரியில யாரக் கேட்டாலும் கலவை 3:2:1ன்னுதான் சொல்லுவாங்க, மூணு பங்கு மேல்மண்ணு, ரெண்டு பங்கு மக்குன உரம், ஒரு பங்கு மணலு. இது ஒண்ணும் கம்பெனி ரகசியம் இல்ல.

சரி, மேல இருந்த அந்தக் கறுப்பாச்சும் நல்லதான்னு பாத்தா அதுவும் இல்ல. சரியா மக்காத கோழி எரு, கரித்தூளு கலந்து கறுப்பாக்கி இருக்காங்க. கைய உள்ள விட்டா கதகதன்னு சூடு, மூக்கக் குத்துற நெடி. மக்கி முடிஞ்ச எரு சூடா இருக்காது, நாறாது, காட்டு மண்ணு வாசந்தான் வரும். பச்சை எருவுல கன்னு நட்டா வேர் வெந்து போயிரும், எங்க கத்திரிக் கன்னு எல்லாம் எலை ஓரம் கருகி அப்படியே சாஞ்சிருச்சு. அதவிட ஈ! பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி பத்து வருசமா எங்களோட நல்லாப் பழகுறவங்க, அவங்களே எங்க வாசல் கேட் கிட்ட வந்துட்டாங்க.

மண்ணு வாங்கறவங்க எறக்கறதுக்கு முன்னாடியே ஒரு கண்ணாடி போத்தல்ல மூணுல ஒரு பங்கு மண்ணப் போட்டு, தண்ணி ஊத்தி, நல்லாக் குலுக்கி வைங்க. மணலு ஒண்ணு ரெண்டு நிமிசத்துல அடியில படிஞ்சிரும், களி படிய ஒரு நாள் கூட ஆகும், மக்குன தூசி தும்பு மேல மெதக்கும். எங்க வீட்டு மண்ணுல ஒண்ணுமே மெதக்கல, மறுநாள் வரைக்கும் தண்ணி தே தாரேக் மாதிரி கலங்கியே நின்னுச்சு. மூட்டையா வந்தா மேல் மூட்டைய மட்டும் பாக்காதீங்க, நடுவுல ஒண்ணப் பிரிக்கச் சொல்லுங்க. லோரியில கொட்டுறதா இருந்தா வீட்ல ஒருத்தர் நின்னு பாக்கணும்.

இப்ப பழக்கன்னு கதைக்கு வர்றேன், எனக்கு நெசமாக் கோவம் வந்தது இங்கதான். மாங்கன்னு ஒட்டுன்னு சொன்னாங்க, "போக்கோ காவின்கா, மூணு வருசத்துல காய்"னு. தண்டுல டேப் சுத்தியிருந்துச்சு. அம்மா அதப் பிரிச்சா உள்ள சும்மா கத்தியால ஒரு கீறல், அவ்வளவுதான், ஒட்டே இல்ல! வெறும் கொட்டையில மொளச்ச கன்னு. ஒட்டுக் கன்னுன்னா ரெண்டு தண்டு சேந்த எடம் தழும்பாத் தெரியணும், கீழ்த் தண்டுக்கும் மேல்த் தண்டுக்கும் பட்டை நெறமே கொஞ்சம் மாறும், துளிர் தழும்புக்கு மேல இருந்துதான் வந்திருக்கணும். சில எடத்துல ஒட்டு செத்துப் போயிருக்கும், கீழ இருந்து காட்டுத் துளிர் வந்திருக்கும், அதையும் தள்ளி விட்டுருவாங்க. கொட்டைக் கன்னு காய்க்கப் பல வருசம் ஆகும், அப்பவும் தாய் மரத்துப் பழமே வரும்னு உறுதி இல்ல.

இதுல "ஸ்பெஷல் கிஃப்ட்"னு தொட்டியில வைக்கிற குட்டை டுரியான் ஒண்ணு. டேக்ல எழுதியிருந்தது "மூசாங் கிங் டி200". பினாங்குல வந்து இந்த வேலை! டி நம்பர்ங்கிறது விவசாய இலாகாவுல அந்த டுரியான் வகை பதிவான நம்பர். மூசாங் கிங் டி197, 1993ல பதிவானது. டி200ன்னா ப்ளேக் தோர்ன், நம்ம நிபோங் தெபால் பக்கத்துச் சரக்கு, 2015ல பதிவாச்சு. நம்பர் கூடத் தெரியாதவரு என்ன கன்னு குடுத்திருப்பாருன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அது போக, டுரியான் ரெண்டு மாடி வீட்டத் தாண்டி வளர்ற மரம், தொட்டியில என்னத்தக் காய்க்கும்.

லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) கன்னு வந்தப்பவே எலையில மஞ்சத் திட்டு. "மெக்னீசியம் கொறைச்சல்கா, ஸ்ப்ரே அடிங்க"ன்னாரு. அம்மா நம்பல, எலைய ப்ளாஸ்டிக் பையில போட்டு விவசாய இலாகா ஆபீஸ்ல கொண்டு போய்க் காட்டச் சொன்னாங்க. அங்க இருந்த அதிகாரி பாத்ததும், இது க்ரீனிங் நோய் மாதிரி தெரியுதுன்னாரு. சத்துக் கொறைச்சல்னா எலையோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும், இந்த நோய்னா நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் திட்டு வேற வேறயா இருக்கும். மருந்து கெடையாது, மரத்தப் புடுங்கித்தான் போடணும். இதப் பரப்புற சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலயும் குடியிருக்கும், இவரு ரெண்டையும் ஒரே பாத்தியில பக்கத்துல பக்கத்துல நட்டுட்டுப் போயிருக்காரு. நம்ம வீட்ல எது இல்லாட்டியும் கறிவேப்பிலை இருக்கும், அதனால எலுமிச்சை வகை எது வாங்குனாலும் எலையத் திருப்பித் திருப்பிப் பாத்து வாங்குங்க. கன்னு வாங்க விவசாய இலாகாவோட எஸ்.பி.பி.டி. (நடுற கன்னுக்குக் குடுக்கற சான்றுத் திட்டம்) சான்று உள்ள நர்சரி எதுன்னு அதே ஆபீஸ்ல கேட்டுக்கலாம்.

மீதிக் காச நான் குடுக்கல. உடனே பேச்சு மாறிருச்சு. அக்கா போயி "மேடம்" ஆயிருச்சு. அம்மா தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டாங்களாம், செடி உயிருள்ள சாமானாம், அதுக்குக் கேரண்டி கெடையாதாம். நான் கேட்டது செத்த செடிக்கு இல்ல, ஒட்டுன்னு சொல்லிக் கொட்டைக் கன்னு வித்ததுக்கு, தோட்ட மண்ணுன்னு சொல்லிக் கட்டட மண்ணு கொட்டுனதுக்கு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, விக்கிற பொருளு சொன்ன மாதிரி இருக்கணும், தரமா இருக்கணும்னு இருக்கு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வச்சுக்க முடியாது, அவருக்கும் கெடையாது. 3 வருசத்துக்குள்ள போடணும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள்ள குடுக்கலேன்னா அது குற்றம். இந்த வார்த்தையச் சொன்ன அன்னைக்கே "200 வெள்ளி தர்றேன், ரிவ்யூவ எடுத்துருங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதையும் சேத்து வச்சிட்டேன்.

ஃபாரம் போட்டாச்சு, தேதிக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். நல்லவேளை விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன், இப்ப அத எடுத்துட்டு வேற பேஜ் தொறந்துட்டாரு, அதே ஃபோட்டோ, வேற பேரு. காசு அனுப்பச் சொல்ற அக்கவுண்ட் கம்பெனி பேருல இல்லாம ஆளு பேருல இருந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி மோசடி அக்கவுண்டான்னு பாக்க போலீஸ் வச்சிருக்கற செமாக் மூல் வெப்சைட்ல அந்த நம்பரத் தட்டிப் பாத்துக்கங்க. வாட்ஸாப்ல "ஒட்டுக் கன்னு", "மக்குன உரம்", "மேல்மண்ணு இத்தன அடி"ன்னு எழுத்துல வாங்கிக்கங்க, வாயால சொன்னது எதுவும் நிக்காது.

பி.எம். பக்கம் இதே பேக்கேஜ் எடுத்தவங்க, ரெசிட்டோ, மண்ணு ஃபோட்டோவோ, டி200 டேக்கோ வச்சிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. விசாரணைக்கு முன்னாடி கெடச்சா நல்லது.