டிரைகேர் ஃபார் லைஃப் உள்ளவர்களை அட்வான்டேஜ் திட்டத்துக்கு இழுக்கிறார்கள், கவனம்

அமெரிக்க ராணுவத்தில் ஓய்வு பெற்றவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்து, அவருக்கோ அவர் துணைக்கோ 65 வயது நெருங்குகிறது என்றால், அட்வான்டேஜ் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு. அதையே தனியார் கம்பெனி வழியாக வாங்குவதுதான் அட்வான்டேஜ் திட்டம். டிரைகேர் ஃபார் லைஃப் என்பது ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் துணைக்கும் மெடிகேரோடு சேர்ந்து கிடைக்கும் காப்பீடு.

என் கணவர் ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் இருப்பது சான் அன்டோனியோ. இந்த ஊரில் ஓய்வு பெற்ற ராணுவத்தினர் அதிகம், அவர்களைத் தேடி வரும் ஏஜெண்டுகளும் அதிகம். எங்களிடம் வந்தவர் தமிழர். 2024 நவராத்திரி சமயத்தில் ஒரு வீட்டுக் கொலுவில் அறிமுகமானார். அப்புறம் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, பார்ட் பி-க்குக் கட்டுற பணத்துல பெரும்பகுதி திரும்பி வந்துடும். பல், கண்ணாடி எல்லாம் உண்டு. டிரைகேர் எங்கேயும் போகாதுக்கா, அப்படியே இருக்கும்" என்றார். பார்ட் பி என்பது மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி, அதற்கு மாதப் பிரீமியம் உண்டு. கணவர் சேர்ந்துவிட்டார். எனக்கும் சேர்த்தே போடலாம் என்றார். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

டிரைகேர் அப்படியே இருக்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை மறைத்துவிட்டார். எனக்குக் கோபம் அதில்தான்.

பழைய மெடிகேரில், அதாவது அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில், டாக்டர் முதலில் மெடிகேருக்குப் பில் அனுப்புவார். மெடிகேர் தன் பங்கைக் கொடுத்துவிட்டு, மீதிக் கணக்கைத் தானாகவே டிரைகேருக்கு அனுப்பிவிடும். நாம் கட்ட வேண்டிய 20 சதவீத பங்கு, காப்பீடு தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் வருடக் கழிவுத்தொகை எல்லாவற்றையும் டிரைகேர் ஃபார் லைஃப் பார்த்துக்கொள்ளும். 2025இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பார்ட் ஏ (மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதி) கழிவுத்தொகை மட்டும் 1,676 டாலர். அதையும் அதுவே கட்டிவிடும். இதற்கென்று தனிப் பிரீமியம் கிடையாது. பார்ட் பி மட்டும் கட்டினால் போதும், அந்த வருடம் மாதம் 185 டாலர். மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். 2001 அக்டோபரிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அதனால் மீதிச் செலவுக்கென்று தனியாக வாங்கும் மெடிகேப் பாலிசியும் வேண்டாம். டிரைகேரின் மருந்து வசதியே இருப்பதால் மருந்துக்கான பார்ட் டி-யும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்தால் இந்தத் தானியங்கி வழி அறுந்துபோகும். கணவர் ஒவ்வொரு முறையும் கோ-பேவை, அதாவது டாக்டரிடம் போகும்போது நம் பங்காகக் கட்டும் தொகையை, கையிலிருந்து கட்டி, ரசீது வாங்கி, விண்ணப்பம் நிரப்பி டிரைகேருக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பணமாவது தாமதமாகத் திரும்பி வந்தது. பெரிய அடி இதய டாக்டர் விஷயத்தில். பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அது ஒப்பந்தம் வைத்திருக்கும் டாக்டர்கள் பட்டியலில், இல்லை. ஜனவரியில் எடுத்த பரிசோதனைகளுக்குத் திட்டம் பணம் தர மறுத்தது. முதல் காப்பீட்டின் விதிப்படி போகவில்லை என்று டிரைகேரும் மறுத்துவிட்டது. இரண்டு காப்பீடு இருந்தும் பில் முழுதாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதே குளிர்காலத்தில் எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய மெடிகேரில் இருந்த எனக்கு ஒரு டாலர் பில்கூட வரவில்லை.

ஏஜெண்டை அழைத்தால் "நெட்வொர்க் டாக்டரைப் பாருங்கண்ணே" என்றார், அப்புறம் போனை எடுப்பதே இல்லை. அட்வான்டேஜ் திட்டத்தில் ஆள் சேர்த்தால் ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு. ஒரிஜினல் மெடிகேரில் இருக்கச் சொன்னால் ஒன்றும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜ் திட்டத்தை விட்டு ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும். 1-800-மெடிகேர் எண்ணில் பேசியே மாற்றிவிட்டோம். அந்தக் காலம் தாண்டிவிட்டாலும், ஏஜெண்ட் தவறான தகவல் தந்து சேர்த்திருந்தால் அதைச் சொல்லி விதிவிலக்கு கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் மூத்தவர்களுக்கான இலவச மெடிகேர் ஆலோசனை மையம் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை.

ஊரோடு போய் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் மெடிகேர் பணம் தராது. அதனால் பார்ட் பி தண்டம் என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் டிரைகேரும் போய்விடும். வெளிநாட்டில் டிரைகேர்தான் முதலில் தருகிறது. கழிவுத்தொகை போக 25 சதவீதம் நம் பங்கு. மதுரையிலோ கோவையிலோ ஆஸ்பத்திரிக்கு முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும், ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மறுபடி பார்ட் பி-யில் சேர வந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், அதுவும் ஆயுள் முழுக்க.

இதய டாக்டரின் பில்லுக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. ஏஜெண்ட் மேல் மெடிகேரில் புகாரும் கொடுத்தாயிற்று. இதே ஆளிடம் சேர்ந்த ராணுவக் குடும்பங்கள் வேறு இருந்தால் நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். அவர் பேசிய தேதி, சொன்ன வார்த்தை, கையெழுத்து வாங்கிய தாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.