ஒன்பது பேருக்கு எத்தனை படகு? டிடிடி பழக மூன்று வழிகள்

டெஸ்டை முதலில் எழுது, கோட்டைப் பிறகு எழுது. டெஸ்ட்-டிரிவன் டெவலப்மென்ட், சுருக்கமாக டிடிடி, இவ்வளவுதான். (திருகோணமலைக்காரருக்குக் ‘கோட்டை’ என்றதும் பிரெட்ரிக் கோட்டையும் அதற்குள் மேயும் மான்களும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் மட்டும் புரோகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று சரிபார்க்கிற சின்னப் புரோகிராம்தான் டெஸ்ட்.) விளங்க ஐந்து நிமிசம் போதும். கைக்கு வர எனக்கு ஒன்றரை வருசம் பிடித்தது. அதில் பாதி, பழகிய வழி சரியில்லாததால் வீணானது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளும், கொழும்புக் கொம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெடியன்களும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, எதில தொடங்கிறது?” தனியாகக் காட்டா செய்யலாம், இன்னொருவரோடு சேர்ந்து எழுதலாம், சம்பளம் தருகிற கோட்டிலேயே பழகலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

தனியாக

கராத்தேயில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குக் காட்டா என்று பெயர். அந்தப் பெயரைப் புரோகிராமிங்குக்குக் கொண்டுவந்தவர் டேவ் தோமஸ். சின்னக் கணக்கு ஒன்றை எடுத்து, தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி, அதைத் தேற வைத்து, கோட்டைத் துப்புரவாக்கி, அடுத்த டெஸ்டுக்குப் போக வேண்டும். அரை மணித்தியாலம் போதும், ஆளும் தேவையில்லை, இன்டர்நெட் போனாலும் கவலையில்லை.

இதில் பேர்போனது ரொபர்ட் மார்ட்டின் பரப்பிய பௌலிங் காட்டா. பௌலிங் என்றால் மாலிங்க போட்ட பௌலிங் இல்லை, பத்துக் கட்டைகளைப் பந்து உருட்டி விழுத்துகிற விளையாட்டு. பத்துக் கட்டையும் ஒரே உருட்டில் விழுந்தால் அடுத்த இரண்டு உருட்டின் புள்ளியும் அதோடு சேரும். நான் அந்த விளையாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. முதல் கிழமை முழுக்க டிடிடி பழகினேனா, பௌலிங் விதி பழகினேனா என்று எனக்கே தெரியாது.

அதனால் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது கிரிக்கெட் ஓவர். 5 பந்து போட்டால் 0.5, ஆறாவது விழுந்ததும் 1.0, வைட் போனால் ஓட்டம் ஒன்று கூடும், பந்து கூடாது. விதி எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் கவனம் டெஸ்டிலேயே நிற்கும். பிறகு ஓட்ட வேகம் கேட்பேன். 0.3 என்பது அரை ஓவர் என்பதை மறந்து அப்படியே வகுத்தவர்களின் டெஸ்ட் சிவப்பாகும், அதாவது தோற்கும். ஓவரைத் தசம எண்ணாக வைத்திருந்தது தப்பு, பந்துக் கணக்காக வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைக்கும்.

ஆனால் காட்டாவில் ஒரு கள்ளம் உண்டு. கேள்வி போடுவதும் நீங்கள், விடை எழுதுவதும் நீங்கள். மனதில் இருக்கிற விடைக்கு ஏற்ற டெஸ்டைத்தான் கை எழுதும். போதாததற்கு, காட்டாவுக்குள் கடிகாரம் இல்லை, டேட்டாபேஸ் இல்லை, நடுவில் அறுந்துபோகிற பேமென்டும் இல்லை. ஆறு மாதம் காட்டா செய்துவிட்டு வேலைக்குள் போனபோது என் கை பழையபடி கோட்டைத்தான் முதலில் எழுதியது.

இரண்டு பேராக

என் தெரிவு இதுதான். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்ல ஒன்றுமில்லை.

பிங்பாங் என்பார்கள். நான் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுவேன், மற்றவன் அதைத் தேற வைத்துவிட்டு எனக்கொரு தோற்கும் டெஸ்ட் எழுதுவான். உப்புவெளியில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற ஒருவருக்கு நானும் ஒரு தம்பியும் முன்பதிவுப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். அவர் படகில் 8 பேர் ஏறலாம். நான் எழுதிய முதல் டெஸ்ட்: 9 பேர் என்றால் 2 படகு. தம்பி ஒரே வரி எழுதினான்: 2 ஐத் திருப்பி அனுப்பு. டெஸ்ட் பச்சை, தேறிவிட்டது.

“டேய், என்ன விளையாட்டு இது?”

“நீங்க கேட்டது இவ்வளவுதானே அண்ணா.”

அடுத்து 8 பேருக்கு 1 படகு என்றேன். எட்டுக்கு மேலே போனால் 2, இல்லாவிட்டால் 1 என்று ஒரு நிபந்தனை போட்டான். 17 பேருக்கு 3 என்றபோதுதான் எட்டால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினான். எனக்குக் கோபம், ஆனால் அவன் செய்ததுதான் சரி. நான் கேட்காத எதையும் அவன் கட்டித் தரவில்லை. பிறகு அவன் முறை. 0 பேர் என்றால் எத்தனை படகு? கோட் 0 என்றது. படகுக்காரரிடம் கேட்டால், “ஒருத்தருமில்லாம எவன் தம்பி புக் பண்ணுவான்?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு இருப்பதைச் சொன்னார். பெரியவர்கள் பகுதியில் 0 போட்டு மூன்று பிள்ளைகளை மட்டும் பதிய முடியும் என்பது அப்போதுதான் வெளிவந்தது. தனியாக இருந்திருந்தால் அந்த டெஸ்டை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்தப் பழக்கத்துக்கு வம்ச வழியும் உண்டு. ஜாவா மொழியில் டெஸ்ட் எழுத உதவும் ஜேயுனிட் கருவியை 1997இல் கென்ற் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் இருவராக உட்கார்ந்துதான் எழுதத் தொடங்கினார்கள்.

கூட்டமாகச் செய்கிற கோட்ரிட்ரீட் என்றும் ஒன்று உண்டு. நாள் முழுக்க, 45 நிமிசத்துக்கு ஒருதரம் எழுதியதை அழித்துவிட்டு, துணையை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பில் ஒருதரம் போனேன். அழிக்கும்போது வலித்தது, நல்ல வலிதான். ஆனால் அதற்குக் கூட்டம் வேண்டும், நடத்த ஆள் வேண்டும். இரவு ரயிலேறிப் போய் வருசத்துக்கு ஒருநாள் செய்யலாம், அவ்வளவுதான்.

வேலைக் கோட்டில்

அநேகமானோர் இங்கேதான் தொடங்கி இங்கேயே கைவிடுகிறார்கள். டெஸ்ட் ஒன்றுகூட இல்லாத பழைய கோட்டுக்குள் இறங்கி, எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதப் பார்த்து, இரண்டாம் கிழமை களைத்துவிடுவார்கள். மேலதிகாரி “நேரம் இரட்டிப்பாகுதே” என்பார். அவருக்குச் சொல்ல ஒரு தரவு இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு மைக்ரோசொஃப்டின் 3 அணிகளையும் ஐபிஎம்மின் ஓர் அணியையும், டிடிடி இல்லாத அதேமாதிரி பிரொஜெக்ட்களோடு ஒப்பிட்டது. வெளியிடுவதற்கு முந்திய பிழைச் செறிவு (கோட்டின் அளவுக்கு எத்தனை பிழை என்பது) 40 முதல் 90 சதவீதம் குறைந்திருந்தது. தொடக்க நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியது, அதுவும் நிர்வாகம் தந்த மதிப்பீடு. நாலு அணி என்பது பெரிய கணக்கில்லை, ஆனாலும் இரட்டிப்பு என்ற பயத்துக்கு அது போதும்.

வேலையில்தான் பழக வேண்டும் என்றால் ஒரே ஒரு வாசலால் போங்கள்: பிழை ஒன்று வந்தால், திருத்துவதற்கு முன் அதைக் காட்டும் டெஸ்ட் ஒன்று எழுத வேண்டும்.

அதே படகுப் பக்கத்தில் ஒரு சீசன் காலை. கரையில் ஒரு குடும்பம் ரசீதோடு நிற்கிறது, படகுக்காரரின் பட்டியலில் பெயரில்லை. காலை 5:00 மணிக்கு ‘இன்று’ என்பதை அமத்திப் பதிந்திருக்கிறார்கள். எங்கள் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 முன்னே. பொது நேரத்தில் ஓடுகிற சேவருக்கு அப்போது முந்திய நாள் இரவு 11:30. ‘இன்று’ நேற்றாகிவிட்டது. ஐந்தரைக்குப் பிறகு பதிகிற எவருக்கும் இந்தப் பிழை தெரியாது. எழுதியது நான்தான்.

டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் எழுத முடியவில்லை. கோட் தானே உள்ளுக்குள் மணி பார்க்கிறது, பகலில் ஓட்டினால் எப்போதும் பச்சை. சிவப்பைப் பார்க்க நான் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். வேறு வழியில்லாமல் நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி மாற்றினேன், 5:00 என்று கொடுத்தேன், சிவப்பானது, திருத்தினேன். டெஸ்டுக்காகக் கோட்டை வளைப்பது வடிவத்தைக் கெடுக்கும் என்பது ரெயில்ஸ் என்ற வெப் கருவியை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2014இல் டிடிடி செத்துவிட்டது என்று எழுதியபோது வைத்த முறைப்பாடுகளில் ஒன்று. சில இடத்தில் அவர் சொல்வது சரி. இந்த இடத்தில் வளைத்ததால்தான் கோட் நிமிர்ந்தது. டெஸ்ட் எழுதக் கஷ்டமாக இருந்தால் குற்றம் கோட்டில் என்பதைக் காட்டா எனக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

ஆகவே தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது: இரண்டு கிழமை கிரிக்கெட் காட்டா, அதற்குமேல் வேண்டாம். பிறகு துணை ஒன்று தேடுங்கள், கிழமைக்கு ஒரு மணித்தியாலம். வேலையில் பிழை வந்தால் மட்டும் டெஸ்ட் முதலில்.

துணை தேடுவதுதான் இங்கே பாடு. பழகி ஒரு நிலைக்கு வருகிறவன் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறான். அந்தத் தம்பியும் இப்போது டோஹாவில். அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே ஒன்பது, ஒரே கோட்டை இருவரும் தூரத்திலிருந்து திருத்த விடுகிற லைவ் ஷெயரில் சேர்ந்து எழுதுகிறோம். போன வியாழன் லைன் அடிக்கடி அறுந்து, தன் முறையில் ஒரு டெஸ்டைச் சிவப்பாகவே விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான்: கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் முழுக் காசும் திரும்ப வேண்டும். படகுக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.