சிகிரியாவா, பிதுரங்கலவா? கையில் ஒரே நாள், பையில் கொஞ்சம் பணம்

சிக்கனமாக இலங்கை சுற்றுகிறவர்களுக்கு எங்கு போனாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "சிகிரியாவில் ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்? பக்கத்துப் பிதுரங்கல மலையில் ஏறினால் போதுமே." சிகிரியா பழைய அரண்மனை இருந்த பெரும் பாறை, பிதுரங்கல அதற்கு எதிரே நிற்கும் மலை. அறிவுரை பாதி சரி. மீதிப் பாதியை நம்பி ஒரு நாளை வீணாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் காசு. சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு டிக்கெட் 30 டாலருக்கு மேல். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை உண்டு. அதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், விடுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். பிதுரங்கலவில் அடிவாரத்துப் புத்த விகாரையில் கட்டுவது ஆயிரம் இலங்கை ரூபாய் அளவில்தான். இலங்கைக் குடிமக்களுக்கு இரண்டுமே மலிவு. அவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை.

பஸ் செலவு இரண்டுக்கும் ஒன்றே. கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்கள் தம்புள்ளையில் இறங்கி சிகிரியா பஸ் பிடிக்கலாம். திருகோணமலைப் பக்கமிருந்து வந்தால் தம்புள்ளை வரை போகாமல் இனாமலுவ சந்தியிலேயே இறங்கிவிடலாம். சிகிரியாவிலிருந்து பிதுரங்கல இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடந்தே போகலாம், ஆட்டோவும் உண்டு.

இனி ஏற்றம். சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். முழங்கால் வலிக்கும், ஆனால் கைப்பிடி இருக்கிறது. பிதுரங்கலவில் பாதி வழி வரை காட்டுக்குள் கற்படிகள். செங்கல்லால் ஆன சயன புத்தரைத் தாண்டியதும் படி என்ற பேச்சே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைகள். அவற்றின் இடுக்கில் உடம்பை நுழைத்து, கையூன்றி, மேலே நிற்பவர் நீட்டும் கையைப் பிடித்து ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும். வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ அழைத்துப் போகிறவர்களுக்கு, காசு கூடினாலும் சிகிரியாதான் ஏற்றது. பிதுரங்கலவில் நுழைவது விகாரை வழியாக என்பதால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும்.

மேலே போனால் பிதுரங்கல வென்றுவிடுகிறது. வேலி இல்லாத அகன்ற மொட்டைப் பாறை. எதிரே காட்டுக்கு நடுவில் சுமார் 180 மீட்டர் எழுந்து நிற்கும் சிகிரியா முழுதாய்த் தெரியும். சிகிரியா உச்சியில் அந்தக் காட்சி கிடைக்காது. அங்கே இருப்பவை அரண்மனையின் அடித்தளங்களும் ஒரு குளமும்.

ஆனால் சிகிரியா டிக்கெட்டின் மதிப்பு உச்சியில் இல்லை, வழியில் இருக்கிறது. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தென்னிந்தியாவுக்குத் தப்பியோடிய தம்பி மொகல்லானனுக்குப் பயந்து இங்கே தலைநகர் அமைத்தான் என்கிறது மரபு. 477 முதல் 495 வரை ஆண்டவன் அவன். அடிவாரத்துத் தோட்டத்தைப் பார்த்தால், பயந்து ஒளிந்தவன் போட்டதா இது என்று தோன்றும்: நிலத்தடிக் குழாய்களால் இயங்கிய நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பொங்குகின்றன. பாறை இடுக்கில் பெண்களின் ஓவியங்கள் உள்ளன (படம் எடுக்கத் தடை). அடுத்து, கண்ணாடிபோல் பளபளக்க மெருகேற்றியதால் 'கண்ணாடிச் சுவர்' எனப்படும் சுவர். பல நூற்றாண்டுகளாக வந்துபோனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்து மயங்கி அதில் பாட்டுக் கீறியிருக்கிறார்கள். அவற்றில் 685 பாடல்களைத் தொல்லியலாளர் சேனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அடுத்து வரும் வாயிலின் இருபுறமும் இருக்கும் பெரிய சிங்கப் பாதங்களுக்கு மேலே இரும்புப் படியில் ஏறும்போது பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பழைய படிக்கட்டுக்காக வெட்டிய பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். இவற்றில் எதையும் பிதுரங்கலவிலிருந்து பார்க்க முடியாது.

ஆகவே வரலாற்றில் கொஞ்சமாவது நாட்டமிருந்து, முதல்முறை போகிறீர்கள் என்றால் சிகிரியாவுக்கே காசு கொடுங்கள். மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். நல்ல காட்சியும் நாலு படமும் போதும் என்பவர்களுக்கு அந்த டிக்கெட் வீண்தான், பிதுரங்கல போகலாம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் முந்தைய இரவே சிகிரியா ஊரில் தங்கி, விடியலுக்குப் பிதுரங்கல ஏறி, இறங்கியதும் நேரே சிகிரியா போக வேண்டும். வெயில் ஏறினால் அந்த இரும்புப் படியில் நிழல் கிடையாது. தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். குளவி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் சத்தம் போடாதீர்கள், அது சும்மா வைத்ததில்லை. மாலையில் தம்புள்ளைக்குக் கடைசி பஸ் எப்போது என்பதை ஏறுவதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள். தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுப்பதில் காலையில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.