மெட்டல் பாக்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு: பெட்டி அசல், உள்ளே கலப்படம்

பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்' ஆல்பத்தின் 1979 முதல் அச்சை இங்கிலாந்து வியாபாரிகளிடமிருந்து தபாலில் வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊரில் ஒரு கடையும் இணையத்தில் ஒரு கடையுமாக நடத்தும் வியாபாரி ஒருவர் 165 பவுண்டுக்கு என் தலையில் ஒரு பெட்டியைக் கட்டினார். பெட்டி அசல். உள்ளே இருந்த மூன்று இசைத்தட்டுகளில் இரண்டு அசல். மூன்றாவது தட்டு, பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வந்த மறுவெளியீட்டிலிருந்து உருவி வைக்கப்பட்டது. உடன் வந்த விவரத் தாள் ஜெராக்ஸ். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. இந்த ஒருவரைத் தவிர்த்துவிட்டு, இதே வித்தை தெரிந்த இன்னொருவரிடம் நீங்கள் போய் விழுந்தால் என் பதிவினால் என்ன பயன்? வித்தை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு உடைந்த பிறகு அதன் பாடகர் ஜான் லைடன் 1978இல் தொடங்கிய குழு இது. கீத் லெவினின் கிட்டாரும் ஜா வாபிளின் பேஸும் சேர்ந்து உருவாக்கிய ஒலிதான் பங்க் அலைக்குப் பிந்தைய இசைக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். 'மெட்டல் பாக்ஸ்' 1979 நவம்பரில் வர்ஜின் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. சினிமாக்காரர்கள் 16 மி.மீ. ஃபிலிம் சுருளை வைக்கும் தகர டப்பா போன்ற வட்டப் பெட்டி. மூடியில் குழுவின் சின்னம் புடைத்து நிற்கும். உள்ளே மூன்று 12 அங்குலத் தட்டுகள், நிமிடத்துக்கு 45 சுற்று. ஒரு மணி நேர இசையை ஆறு பக்கங்களில் பரப்பியதால் ஊசி ஓடும் தடங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. வாபிளின் பேஸ் இறங்கும் ஆழத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. 'ஆல்பட்ராஸ்' ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டவர்களுக்கு, அசலைத் தேடி ஏன் அலைகிறோம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் வந்தவை 60,000 பெட்டிகள். தகரத்துக்கு ஆன செலவுக்காகக் குழு தன் முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1980 பிப்ரவரியில் அதே பாடல்கள் 'செகண்ட் எடிஷன்' என்ற பெயரில், சாதாரண அட்டை உறையில், இரட்டைத் தட்டாக வந்துவிட்டன.

60,000 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. பெட்டி இன்றும் அங்கங்கே கிடைக்கிறது. கிடைக்காதது, மூன்று தட்டுகளும் காயமில்லாமல் இருக்கும் பெட்டி. காரணம் அந்த வடிவமைப்புதான். தட்டுகளுக்குத் தனித்தனி உறை கிடையாது. வட்டமாக வெட்டிய மெல்லிய தாள்களை நடுவில் வைத்து, தகரத்துக்குள் இறுக்கமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு தட்டை வெளியே எடுக்க நகத்தால் நெம்ப வேண்டும், இல்லையென்றால் பெட்டியையே கவிழ்க்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் தட்டின் விளிம்பு தகரத்தில் உரசும். அழகுக்காகச் செய்த ஒன்று, வைத்த பொருளையே அரித்துத் தின்றது. இந்த வடிவமைப்பை மேதைமை என்று கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கொண்டாடுங்கள், ஆனால் தட்டுகளை வெளியே எடுத்து உறையில் போட்டுவிட்டுக் கொண்டாடுங்கள்.

ஆக, ஒவ்வொரு வியாபாரியின் கையிலும் ஏதாவது ஒரு தட்டு பாழாய்ப் போன பெட்டி வந்து சேர்கிறது. அப்படியே விற்றால் பாதி விலைதான். வேறொரு பெட்டியிலிருந்து நல்ல தட்டை எடுத்து மாற்றி, மாற்றியதைச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை, நானே வாங்குவேன். மறுவெளியீட்டுத் தட்டைச் செருகிவிட்டு '1979 முதல் அச்சு, மூன்று தட்டுகளும் உள்ளன, முழுமையானது' என்று எழுதினால் அது வேறு தொழில்.

என் வியாபாரி எழுதியது அதைத்தான். தரம் 'வி.ஜி. பிளஸ்', அதாவது லேசான தேய்மானம், கேட்பதற்கு இடைஞ்சல் இல்லை என்று பொருள். படங்கள் நிறைய இருந்தன: மூடி நான்கு கோணத்தில், பெட்டியின் அடிப்பாகம், தட்டுகளை விசிறிபோல் விரித்து வைத்து ஒன்று. லேபிள்கள் தெரிந்தன. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று உள்வளையம் ஒரு படத்தில்கூடத் தெளிவாக இல்லை. எல்லாவற்றிலும் வெளிச்சம் பளீரென்று அடித்து அந்த இடத்தை மட்டும் வெளுக்க வைத்திருந்தது. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பெட்டி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது மூடி. விளம்பரப் படத்தில் துருவே தெரியவில்லை. நேரில், மூடி முழுவதும் முடியிழை போன்ற வட்டக் கீறல்கள். யாரோ உலோகம் தேய்க்கும் பசையைப் போட்டு மின்கருவியால் மெருகேற்றியிருக்கிறார்கள். புடைத்த எழுத்துகளின் முகடுகள் கண்ணாடிபோல் மின்ன, எழுத்துக்கும் தகரத்துக்கும் சேரும் மூலைகளில் பழைய துரு பழுப்பாக உட்கார்ந்திருந்தது. அந்த மூலைக்குக் கருவி போகாது. பழைய தகரம் மங்கலான சாம்பல் நிறத்தில் இருப்பதுதான் இயல்பு. மின்னினால் சந்தேகப்படுங்கள். சின்னத்துக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நசுங்கலும் இருந்தது.

மடியில் ஒரு துணியை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். நடுவே இருந்த வட்டத் தாள்கள் கத்தரிக்கோலால் வெட்டியவை; ஓரம் வளைவாக இல்லாமல் சிறு சிறு நேர்க்கோடுகளாகத் தெரிந்தது. ஒன்று மற்றதைவிடப் பெரிது. இதற்காக மட்டும் சண்டைக்குப் போக மாட்டேன், தாள் கிழிந்து போகக்கூடியதுதான். விவரத் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, எழுத்துகளைச் சுற்றிக் கரித்தூள் சிதறல். சாய்த்துப் பிடித்தால் எழுத்து மேலெழும்பிப் பளபளத்தது. அச்சு மை தாளுக்குள் இறங்கியிருக்கும், ஜெராக்ஸ் கரி தாளின் மேல் படிந்திருக்கும். அசல் தாளில் இருந்திருக்க வேண்டிய ஒரு மடிப்புக்கோடு இங்கே கறுப்புக் கோடாகவே நகலெடுக்கப்பட்டிருந்தது. மடிப்பைத் தொட்டுப் பார்த்தால் மடிப்பே இல்லை!

அதன் பிறகுதான் தட்டுகளைப் பார்த்தேன். லேபிளுக்கும் கடைசித் தடத்துக்கும் இடையில் இருக்கும் வெற்று வளையம்தான் உள்வளையம். தாய்த்தகடு வெட்டும்போது அதில் வெளியீட்டு எண்ணையும் பக்கக் குறியையும் கீறிவைப்பார்கள். அதே தகட்டிலிருந்து அச்சாகும் எல்லாத் தட்டுகளிலும் அந்தக் கீறல் அப்படியே விழும். உறை, லேபிள், பெட்டி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், இதை மாற்ற முடியாது. இரண்டு தட்டுகளில் அசலின் வெளியீட்டு எண்ணான 'மெட்டல் 1' இருந்தது. மூன்றாவதில், 'பாப்டோன்ஸ்', 'கரீரிங்' இருக்கும் தட்டில், வேறு நிறுவனத்தின் வரிசை எண். லேபிளை மட்டும் பார்த்தால் ஆயிரம் பேரில் ஒருவர்கூடச் சந்தேகப்பட மாட்டார். ஆனால் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். அசல் இரண்டிலும், ஊசிமுனை போன்ற மெல்லிய கோடுகள் துளையைச் சுற்றிப் பல திசைகளில் ஓடின. யாரோ ஒருவர் இருட்டு அறையில் பல இரவுகள் டர்ன்டேபிளின் நடுக்குமிழைத் தேடித் தட்டைத் தடவியதன் அடையாளம். மூன்றாவதின் லேபிள் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். மறுவெளியீட்டுக்காரர்கள் பெருமையாக அச்சிடும் 180 கிராம் தட்டின் கனம் தனியே தெரிந்தது.

வியாபாரிக்குப் படங்களோடு எழுதினேன். பதில் மூன்று கட்டமாக வந்தது, இந்த வரிசையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் இனிப்பு: தன் கவனத்துக்கு வராமல் போய்விட்டது, இருபது பவுண்டு திருப்பித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மறுத்ததும், முதல் அச்சு என்று தான் சொன்னது பெட்டியைத்தான், தட்டுகளைப் பற்றி மூன்றும் உள்ளன என்று மட்டுமே எழுதியிருப்பதாக வாதம். மூன்றாவதாக, தட்டை நானே மாற்றிவிட்டுப் புகார் சொல்லவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். முதல் கடிதத்தில் 'கவனத்துக்கு வரவில்லை' என்று தானே எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டார் போலும். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பிரிட்டனில் வசிப்பவர்களுக்குச் சட்டம் பலமாகவே இருக்கிறது. வியாபாரியிடமிருந்து இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். 2013ஆம் ஆண்டின் விதிகள் அப்படிச் சொல்கின்றன. பொருள் விவரிப்புக்கு மாறாக இருந்தால் 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. விற்றவர் வியாபாரி அல்ல, தன் வீட்டுச் சேகரிப்பை விற்கும் தனிநபர் என்றாலும், விவரித்தபடி பொருள் இருந்தாக வேண்டும். அதைச் சொல்வது பொருள் விற்பனைச் சட்டம், அதுவும் 1979ஆம் ஆண்டுச் சட்டமே. இந்த ஆல்பத்தின் வயதுதான் அதற்கும்.

என் பணத்தைத் திருப்பி வாங்கித் தந்தது கிரெடிட் கார்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. விளம்பரத்தின் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருந்தேன். இன்னொரு பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, இது எந்த அச்சு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஆனால் அந்த மூடியைப் பார்த்துத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாதது. கார்டு நிறுவனம் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை: நடுவில் ஓர் இணையப் பணப்பை நிறுவனம் வழியாகச் செலுத்தினால் இந்த 75ஆம் பிரிவுப் பாதுகாப்பு அறுந்துபோக வாய்ப்புண்டு. சென்னையிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ உங்கள் ஊர் கார்டில் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது; உங்கள் வங்கியின் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆறு பக்கங்களின் உள்வளையப் படங்கள், சாய்வான வெளிச்சத்தில், எண் படிக்கும்படி. நேர்மையான வியாபாரிக்குக் கால் மணி நேர வேலை. 'கடையில் கூட்டம்', 'கேமரா சரியில்லை' என்று இழுத்தால் விட்டுவிடுங்கள்.

மற்ற ஆல்பங்களுக்கும் இதையே நீட்டலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் உள்வளையத்தில் ஒரு பக்கம் 'திஸ் இஸ் தி வே', மறுபக்கம் 'ஸ்டெப் இன்சைட்' என்று கீறியிருக்கும். அதை மட்டும் படம்பிடித்துப் போட்டு 1979 முதல் அச்சு என்று விற்கிறார்கள். அந்தத் தகட்டிலிருந்து பிறகு அச்சானவற்றிலும் அந்த வரி இருக்கத்தானே செய்யும்? வரி இல்லாவிட்டால் சந்தேகப்படலாம், வரி இருப்பதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. 'துருட்டி காலம்' (Durutti Column) என்ற குழுவின் முதல் ஆல்பம் 1980இல் உப்புத்தாள் உறையில் வந்தது, சுமார் 2,000 பிரதிகள். உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் திருப்பி அனுப்பிய பெட்டி மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. சின்னத்துக்குக் கீழே அதே நகத்தளவு நசுங்கல், அதே வெளுத்த படங்கள், 'மூன்று தட்டுகளும் உள்ளன' என்ற அதே வாசகம், விலை 185 பவுண்டு. புதிதாக ஒரு வரி மட்டும் சேர்ந்திருக்கிறது: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. இணையத்தில் விற்கும் வியாபாரி எழுதினால் அந்த வரி செல்லாது.